நுவரெலியா ஏற்றத்துக்கு ஒரு திருகோணமலைச் சைக்கிள்

கம்பளையிலிருந்து புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்குச் சைக்கிளில் ஏறுவது என்று நானும் மச்சானும் முடிவெடுத்ததும், கேட்டவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "கால் தாங்குமோ?" கடற்கரை ஊரில் பிறந்து, சமதரையிலேயே சைக்கிள் ஓடிப் பழகியவர்களிடம் அப்படிக் கேட்பது நியாயம்தான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். கம்பளை ஏறக்குறைய 500 மீற்றர். இடையில் வரும் சின்னச் சின்ன இறக்கங்களை விட்டுவிட்டாலும், ஒரே நாளில் 1400 மீற்றர் வரை ஏற வேண்டும்.

ஆனால் ஆயத்தத்தில் இறங்கிய பிறகு எனக்கு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. கால் இரண்டாவது. முதலாவது கியர். உட்கார்ந்தபடி, மூச்சு விட்டு, பக்கத்தில் வருபவரோடு கதைத்துக்கொண்டே மிதிக்கக்கூடிய அளவுக்குக் குறைந்த கியர் ஒன்று சைக்கிளில் இருந்தால், சாதாரண உடல்வாகு உள்ள ஒருவர் எவ்வளவு நீளமான ஏற்றத்தையும் ஏறலாம். அந்தக் கியர் இல்லாவிட்டால் பயிற்சி எடுத்த காலும் முழங்கால் வலியோடு பாதி வழியில் நிற்கும். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி சைக்கிளைப் பற்றியதாகவே இருக்கும்.

என்னுடையது ஜப்பானிலிருந்து வந்து இங்கே இரண்டாம் கையாக வாங்கிய 26 அங்குல மலைச் சைக்கிள். இரும்புச் சட்டம், அலுமினிய றிம். முன்னால் 48, 38, 28 என்று மூன்று பல்லுச் சக்கரங்கள். பின்னால் 14 பல்லிலிருந்து 28 பல் வரை ஏழு. பாரம் கூடத்தான், ஆனால் உறுதியானது. இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்: 26 அங்குல ரயரும் ரியூப்பும் இலங்கையில் எந்தச் சின்னப் பட்டினத்துச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். மலைநாட்டில் ரியூப் வெடித்தால், நாகரிகமான அளவு ஒன்றைத் தேடிக் கண்டிக்குத் திரும்ப வேண்டியதில்லை.

திருகோணமலையில் முன் கியரைத் தொட வேண்டிய தேவையே வராது. 38 பல்லில் போட்டுவிட்டு நிலாவெளி, கன்னியா, சீனக்குடா என்று எங்கேயும் போய் வரலாம். அதனால் முன் கியர் மாற்றி அந்த 38 பல்லிலேயே கறள் பிடித்து இறுகிக் கிடந்தது. பெரும்பாலான கடற்கரைச் சைக்கிள்களின் நிலை இதுதான். மூன்று சக்கரம் கண்ணுக்குத் தெரியும், ஓடுவது ஒன்று.

முதலில் கணக்கு

வேலையைத் தொடங்க முன்பு எவ்வளவு குறைந்த கியர் தேவை என்று கணக்குப் பார்த்தேன். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ரயருக்குச் சரியாகக் காற்றடித்து, வால்வு கீழே நிற்கும் இடத்தில் சீமெந்து நிலத்தில் சோக்கால் ஒரு கோடு. சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, சில்லு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வால்வு மறுபடி கீழே வரும் வரை உருட்டி, அங்கே இன்னொரு கோடு. இடைத்தூரம் 205 சென்ரிமீற்றர். ஆள் பாரத்தோடு அளப்பது முக்கியம், ரயர் அமுங்குவதால் அளவு கொஞ்சம் குறையும்.

முன் சக்கரத்துப் பல்லைப் பின் சக்கரத்துப் பல்லால் பிரித்து, இந்த 2.05 மீற்றரால் பெருக்கினால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் எவ்வளவு தூரம் போகும் என்று வரும். 38ஐ 28ஆல் பிரித்தால் சுற்றுக்கு 2.78 மீற்றர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 10 கிலோமீற்றர். சமதரையில் இது நடையைப் போல் இரண்டு மடங்கு வேகம், அவ்வளவுதான். ஏற்றத்தில் கதை வேறு.

100 மீற்றர் தூரத்துக்கு 7 மீற்றர் உயரும் ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். நான், சைக்கிள், பை, தண்ணீர் எல்லாம் சேர்ந்து 90 கிலோ. அந்தச் சரிவில் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய 62 நியூட்டன். தடித்த ரயர் உருளும் தடையையும் சேர்த்தால் 69 அளவில் வரும். இதை மணிக்கு 10 கிலோமீற்றரில் தள்ளிக்கொண்டு போக 190 வாட் வேண்டும். நன்றாகப் பழகிய ஓட்டக்காரர் அதை மணிக்கணக்காகத் தருவார். வேலைக்குப் போய் வந்து மாலையில் சைக்கிள் எடுக்கிற எங்களைப் போன்றவர்களால் முடியாது. வேகத்தைக் குறைக்கலாமே என்றால், அதே கியரில் வேகத்தைக் குறைப்பதென்றால் நிமிடத்துக்கு 40 சுற்றாக, ஒவ்வொரு மிதியிலும் முழங்காலை நசுக்கிக்கொண்டு மிதிப்பது. முழங்கால் வலி தொடங்குவது அங்கேதான்.

முன்னால் 28, பின்னால் 28 என்றால் சுற்றுக்கு 2.05 மீற்றர். 60 சுற்றில் மணிக்கு 7.4 கிலோமீற்றர், 140 வாட் அளவு. இது முடியும், ஆனால் கையிருப்பில் ஒன்றும் இல்லை. இதைவிடச் செங்குத்தான வளைவு ஒன்று வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். பின்னால் 34 பல் இருந்தால் சுற்றுக்கு 1.69 மீற்றர். நிமிடத்துக்கு 70 சுற்று லேசாக மிதித்தாலே மணிக்கு 7 கிலோமீற்றர், 135 வாட் போதும். தேவைப்பட்டால் 60 சுற்றுக்கு இறங்கி மூச்சை எடுக்கவும் இடம் இருக்கிறது. அதற்குமேல் கியரைக் குறைத்தால் சைக்கிள் நேராக நிற்கவே கஷ்டப்படும், மணிக்கு 5 கிலோமீற்றருக்குக் கீழே ஹாண்டில் ஆடத் தொடங்கும். ஆகவே 28க்கு 34 என்று முடிவு.

பிறீவீல்

பின்சில்லில் பூட்டும் பல்லுச் சக்கரத் தொகுதிதான் பிறீவீல். ஏழு பல்லுச் சக்கரங்கள் உள்ள 14–34 பிறீவீலைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். அதன் அமைப்பு எனக்குப் பிடித்தது: 14, 16, 18, 20, 22, 24, பிறகு ஒரே பாய்ச்சலில் 34. பழைய 14–28இல் கடைசிச் சக்கரம் மட்டும்தான் வேறு, மற்ற ஆறும் அதே எண்ணிக்கை. ஊரில் ஓடும்போது எந்த மாற்றமும் தெரியாது. 24இலிருந்து 34க்குப் போகும்போது மட்டும் கால் திடீரென்று காற்றில் மிதித்த மாதிரி இருக்கும். சிலருக்கு இந்தப் பாய்ச்சல் பிடிக்காது. மலைக்கு மட்டும் தேவைப்படும் கியரை மலைக்கென்று தனியாக வைத்திருப்பது எனக்குச் சரியாகவே பட்டது.

பழையதைக் கழற்றுவதுதான் வேலை. பிறீவீல் பின்சில்லின் நடுவில் உள்ள குடத்தில் மரையில் இறுகியிருக்கும். ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் அது இன்னும் இறுகும். வருடக்கணக்காக மிதித்த சைக்கிளில், அதுவும் உப்புக் காற்றில் நின்ற சைக்கிளில், அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டினத்தில் சைக்கிள் திருத்தும் நானா (முஸ்லிம் அண்ணர்) ஒருவரிடம் கொண்டு போனேன். சில்லைக் கையில் வாங்கி, பிறீவீலின் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"கடற்கரைப் பக்கத்துச் சைக்கிள் எல்லாம் இப்பிடித்தான் தம்பி. வெளியால ஒண்டும் தெரியாது, உள்ளுக்க பிடிச்சிக் கிடக்கும். இண்டைக்கு ஒயில் விட்டு வைப்பம், நாளைக்கு வாங்க."

சில்லைப் படுக்கையாக வைத்து, குடமும் பிறீவீலும் சேரும் இடத்தில் மெல்லிய ஒயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். அவசரப்பட்டிருந்தால் கழற்றும் சாவியின் பல்லோ பிறீவீலின் உட்பல்லோ போயிருக்கும்.

மறுநாள் செய்த விதத்தைச் சொல்கிறேன், வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். முதலில் வலது பக்கத்து அச்சு நட்டையும் வளையங்களையும் கழற்ற வேண்டும். பிறீவீலின் நடுத்துளையில் உள்ள வரிப்பல்லுக்குச் சரியாகப் பொருந்தும் கழற்றும் சாவியை உள்ளே இறக்க வேண்டும். பழைய மாதிரிகள் சிலவற்றில் வரிப்பல் இருக்காது, இரண்டு வெட்டுத்தான் இருக்கும், அதற்கு வேறு சாவி. இறக்கியதும் அச்சு நட்டை அதன்மேல் திருப்பிப் போட்டுக் கையால் மட்டும் முறுக்க வேண்டும். சாவி நழுவாமல் நட்டுப் பிடித்துக்கொள்ளும். பிறகு சாவியைத் தலைகீழாக, மேசையில் பூட்டிய வைஸ் என்ற இடுக்கியில் இறுக்கிப் பிடித்தால் சில்லு மேலே தட்டையாகக் கிடக்கும். இப்போது ரயரின் இரண்டு பக்கத்தையும் லொறி ஸ்டியரிங்கைப் பிடிப்பது போலப் பிடித்து, இடப்பக்கமாக ஒரே சீரான பலத்தோடு திருப்ப வேண்டும். சாவியைத் திருப்புவதில்லை, சில்லையே திருப்புகிறோம். 26 அங்குலச் சில்லு அவ்வளவு பெரிய நெம்புகோல்.

நானும் நானாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். முதல் இழுப்பில் அசையவில்லை. இரண்டாவதற்கு அவர் "பொறுங்க" என்று சொல்லிப் பிறீவீலின் விளிம்பில் சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார். பிறகு இழுத்தபோது "டக்" என்று சத்தம், கால்வாசிச் சுற்று வந்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தி அச்சு நட்டைத் தளர்த்தினார். இது கட்டாயம். பிறீவீல் வெளியே வர இடம் வேண்டும், நட்டு இறுகி நின்றால் அச்சுக்குத்தான் அடி விழும். நட்டை எடுத்த பிறகு மிச்சம் கையாலேயே கழன்றது.

உள்ளே மரையில் வெள்ளை வெள்ளையாகத் தூள். குடம் அலுமினியம், பிறீவீல் இரும்பு. இரண்டு வேறு உலோகம் ஒட்டியிருக்க, நடுவில் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து இந்தத் தூளாகும். மண்ணெண்ணெயில் தோய்த்த பழைய பற்பிறஷால் மரையை இடுக்கு இடுக்காகத் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, கிறீஸைத் தாராளமாகப் பூசினோம். கடற்கரையில் இருப்பவர்கள் இரும்பும் அலுமினியமும் சேரும் எந்த இடத்தையும் கிறீஸ் இல்லாமல் பூட்டவே கூடாது. புதிய பிறீவீலை முதல் மூன்று நான்கு சுற்றுக் கையால் மட்டும் திருப்ப வேண்டும். மரை நேராகப் பிடித்ததா என்று விரலுக்குத்தான் தெரியும், சாவிக்குத் தெரியாது. கடைசி இறுக்கத்தைப் பெடல் பார்த்துக்கொள்ளும்.

பழைய செயினை 12 அங்குல அடிமட்டத்தில் வைத்துப் பார்த்தேன். செயினின் ஒவ்வொரு ஊசிக்கும் இடையே அரை அங்குலம். ஆகவே புதிய செயினில் ஓர் ஊசியின் நடுவில் தொடங்கினால் 12 அங்குலத்தில் சரியாக இன்னோர் ஊசியின் நடு வரும். என்னுடையதில் அது பதினாறில் ஒரு அங்குலத்துக்கு மேலே தள்ளி நின்றது. அந்த அளவு தேய்ந்தால் செயினை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புதிய பிறீவீலின் பல்லையும் அது தின்றுவிடும். எப்படியும் 34 பல்லுக்குப் பழைய செயின் நீளம் காணாது. புதியதை முன்னால் 48, பின்னால் 34 இரண்டிலும் சுற்றி, பின் கியர் மாற்றிக்குள் விடாமல் இழுத்துப் பிடித்து, முனைகள் சந்திக்கும் இடத்துக்கு மேலே இரண்டு கண்ணி கூட வைத்து வெட்டினோம்.

பின் கியர் மாற்றியையும் நீளக் கையுள்ளதாக மாற்றினேன். முன்னால் 48க்கும் 28க்கும் வித்தியாசம் 20 பல், பின்னால் 34க்கும் 14க்கும் 20 பல், மொத்தம் 40 பல்லுக்கான தளர்ச்சியை அந்தக் கைதான் சுருட்டி எடுக்க வேண்டும். குட்டைக் கை உள்ளவை இதற்குக் காணாது. மேலே உள்ள சின்ன உருளை 34 பல்லில் உரசாமல், ஐந்தாறு மில்லிமீற்றர் இடைவெளி நிற்கும்படி பின்புறத் திருகாணியை முறுக்கினோம்.

முன் கியர் மாற்றிதான் மலைக்கு உயிர்நாடி. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கையால் மடக்கி விரித்து, ஒயில் விட்டு, மறுபடி மடக்கி, மெல்ல மெல்ல அசைய வைத்தோம். கேபிளும் அதன் உறையும் புதிது. கியர் மாற்றியின் வெளித்தகடு பெரிய சக்கரத்தின் பல்லுக்கு மேலே ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீற்றர், சக்கரத்துக்குச் சமாந்தரமாக நிற்க வேண்டும். உட்பக்க எல்லைத் திருகாணியில் கூடிய கவனம் வேண்டும். முன்னால் 28, பின்னால் 34 இருக்கும்போது உட்தகடு செயினைத் தொடாமல், ஆனால் அரை மில்லிமீற்றருக்குக் கூடாமல் நிற்க வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் செயின் 28ஐயும் தாண்டிச் சட்டத்தின் பக்கம் விழும். சமதரையில் அது சின்ன விஷயம். ஏற்றத்தில், பின்னால் பஸ் வரும்போது, பெடல் வெறுமனே சுற்றி அந்த இடத்திலேயே சரிய நேரிடும்.

இருக்கையும் பிறேக்கும்

எங்கள் ஊரில் இருக்கையைத் தாழ்த்தி வைத்து ஓடுவதுதான் வழக்கம், நின்றவுடன் இரண்டு காலும் நிலத்தில் படும். கடைக்குப் போய் வர அது நல்லது. மலைக்கு ஆகாது. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே வரும்போது கால் நேராகும் உயரத்துக்கு இருக்கையை ஏற்ற வேண்டும். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் கொஞ்சம் மட்டும் மடியும். இருக்கைத் தண்டும் உப்பில் பிடித்துக் கிடந்ததால் அதற்கும் ஒயில், பொறுமை, கிறீஸ் என்று அதே வைத்தியம். தண்டில் குறித்திருக்கும் எல்லைக் கோட்டுக்கு மேலே இழுக்கவே கூடாது, சட்டம் வெடிக்கும்.

பிறேக்கைப் பற்றி ஏறுபவர்கள் அதிகம் யோசிப்பதில்லை. ஏறினால் இறங்க வேண்டும். றம்பொடைப் பக்கம் பனிமூட்டமும் தூறலும் எந்த நேரமும் வரலாம், நனைந்த றிம்மில் பிறேக் கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். இரும்பு றிம் உள்ள சைக்கிளை இந்தப் பாதைக்குக் கொண்டுபோகவே வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம், மழையில் அது பிடிப்பதில்லை. நான்கு கட்டையும் புதிதாகப் போட்டேன். முன்முனை றிம்மைக் கொஞ்சம் முந்தித் தொடும்படி வைத்தால் கீச்சிடாது. பழைய கட்டைகளில் அலுமினியத் துகள்கள் பதிந்திருந்தன, அவை றிம்மைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். கேபிள்களும் புதிது. இறக்கத்தில் பிறேக்கை இறுக்கிப் பிடித்தபடியே வருவதைவிட, வளைவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தை எடுத்து, பிறகு விட்டு, றிம்மை ஆறவிட்டு வருவது நல்லது. சூடேறிய றிம் உள்ளே இருக்கும் ரியூப்பைத்தான் பதம் பார்க்கும்.

குடத்துக்குள் இருக்கும் போல்ஸ் (இரும்புக் குண்டுகள்), பெடல் அச்சு, பெடலைத் தாங்கும் கிறாங்கின் ஆட்டம் எல்லாவற்றையும் நானாவே பார்த்துவிட்டார். இடது பெடலின் மரை மற்றப் பக்கமாகத் திரும்பும் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

மலையில்லாத ஊரில் பயிற்சி

எங்களுக்கு உள்ள ஏற்றங்கள் இரண்டு. கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகும் பாதை ஒன்று. ஆனால் அது அடியார்களின் பாதை, மான்களும் குறுக்கே நிற்கும், கடைகளும் சனமும். அங்கே பயிற்சி என்று ஏறி இறங்குவது மரியாதை இல்லை. மற்றது உவர்மலை. குட்டை ஏற்றம்தான், ஆனால் புதிய கியரைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பாரத்தோடு மிதிக்கும்போது 24இலிருந்து 34க்கு மாறுகிறதா, 38இலிருந்து 28க்குச் செயின் விழாமல் இறங்குகிறதா என்று அங்கேதான் பார்த்தோம். பெடலில் பலத்தைக் கொஞ்சம் தளர்த்தி மாற்றினால்தான் செயின் சுகமாக ஏறும். முழுப் பலத்தோடு மிதித்தபடி மாற்றினால் நறநறவென்று கத்தும். அதனால் ஏற்றம் தொடங்க முன்பே மாற்றும் பழக்கம் வர வேண்டும், அது கைக்கு வரும் வரை திரும்பத் திரும்பச் செய்தோம்.

நீளமான ஏற்றத்துக்கு உவர்மலை போதாது. அதற்கு எங்களுக்குக் காற்று இருக்கிறது. கச்சான் என்னும் மேல்காற்று வீசும் காலத்தில் பின்னேரம் கந்தளாய் றோட்டில் மேற்கே போய்ப் பாருங்கள், காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். சமதரை என்றால் இடையிடையே மிதிக்காமல் உருளலாம். எதிர்க்காற்றில் உருள முடியாது, நிறுத்தினால் சைக்கிளும் நிற்கும். நீண்ட ஏற்றத்தின் தன்மையும் அதுதான்: இடைவெளி இல்லாத, ஒரே சீரான, மணிக்கணக்கான மிதிப்பு. வாடைக்காற்று வந்த பிறகு நிலாவெளிப் பக்கம் வடக்கே போனோம். நோக்கம் வேகம் அல்ல. நானும் மச்சானும் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: ஒரு முழு வசனத்தை மூச்சு இறைக்காமல் சொல்ல முடிய வேண்டும். முடியாவிட்டால் கியரைக் குறைக்க வேண்டும். மச்சான் எப்போதும் முன்னுக்குப் பாய்பவன். "மச்சான், ஏதாவது கதை சொல்லு" என்று பின்னாலிருந்து கேட்பேன், பதில் துண்டு துண்டாக வந்தால் அவனே கியரைக் குறைப்பான்.

சாப்பாட்டையும் பயிற்சியிலேயே பழக்கினோம். 90 கிலோவை 1400 மீற்றர் தூக்குவதற்கு, உடம்பின் வினைத்திறனையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1200 கலோரி வருகிறது. வெறும் தண்ணீரும் தேத்தண்ணியும் இதற்குப் போதாது. வாழைப்பழம், பனங்கட்டித் துண்டு, உப்புப் போட்டு அவித்த கச்சான் கடலை என்று அரைமணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. பசித்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிடும். தண்ணீர்ப் போத்தல் ஒன்றில் ஜீவனி என்ற உப்பு-சீனித் தூள் கரைத்தது, மற்றதில் வெறும் தண்ணீர்.

பாதையும் காலமும்

பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதிதான் எங்கள் பாதை. புசல்லாவை தாண்டிய பிறகு கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரியும். அந்தத் தண்ணீர் மகாவலியில் சேர்ந்து எங்கள் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது என்பதை நினைத்தால், தெரியாத ஊருக்குப் போகிற மாதிரி இல்லை. றம்பொடை நீர்வீழ்ச்சியின் உயரம் 109 மீற்றர், பாதை அதன் பக்கத்தால் போகிறது. அங்கே 225 மீற்றர் நீளமான சுரங்கப் பாதையும் உண்டு. அதற்காகவே பின் சிவப்பு விளக்கும் முன் விளக்கும் பூட்டினோம், பனிமூட்டத்துக்கும் அதுவே துணை. றம்பொடை 945 மீற்றர் அளவில் இருக்கிறது. அதற்குப் பிறகு நுவரெலியா வரை இன்னும் 900 மீற்றருக்கு மேல். ஆகவே றம்பொடையை முடிவு என்று நினைத்துப் பலத்தைக் கொட்டிவிடக் கூடாது. அங்கே வந்து சேரும்போது பாதிப் பலமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

கொண்டையூசி வளைவுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறவர்கள். ஏறும்போது வலப்பக்கம் திரும்பும் வளைவில் வெளி விளிம்பில் போவோம், சரிவு இலேசாக இருக்கும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள் விளிம்பு எங்களுக்கு, அதுதான் செங்குத்து, ஏனென்றால் அதே உயரத்தை மிகக் குறைந்த தூரத்தில் ஏற வேண்டும். இடது வளைவு கண்ணில் பட்டதும் 34க்கு மாற்றிவிட வேண்டும், வளைவுக்குள் நின்று மாற்றக் கூடாது. வலது வளைவு மூச்செடுக்கும் இடம்.

நேரம் பெப்ரவரி. வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கத்தை நனைக்கும், ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி மழை. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலம் என்று வாகனம் நிறைந்திருக்கும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலைநாட்டில் செய்த அழிவைப் பார்த்த பிறகு, மழை நாளில் அந்தச் சரிவுகளின் கீழே சைக்கிளோடு நிற்பதை யாரும் விளையாட்டாக எடுக்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையை முதல் நாள் இரவும் காலையிலும் பார்ப்பது, எச்சரிக்கை இருந்தால் போகாமல் விடுவது என்று வீட்டில் சொல்லியே சம்மதம் வாங்கினோம்.

உடுப்பு: 1000 மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஆறேழு பாகை குறையும். இங்கே வேர்வையில் நனைந்து பழகியவர்களுக்கு அங்கே அதே நனைந்த சேட்டோடு இறங்குவது காய்ச்சலுக்கு அழைப்பு. மேலே போனதும் மாற்ற உலர்ந்த சேட் ஒன்று, காற்றுப் புகாத சட்டை ஒன்று, முழு விரல் கையுறை. விறைத்த விரலால் பிறேக் பிடிக்க முடியாது.

பையில் இரண்டு ரியூப், ஒட்டுச் சாமான், காற்றடிக்கும் பம்ப், செயின் வெட்டும் கருவி, செயினை இணைக்கும் கண்ணி, 15 மில்லிமீற்றர் சாவி, பிறேக் கேபிள் ஒன்று, கியர் கேபிள் ஒன்று. பிறீவீல் கழற்றும் சாவியைக் கொண்டுபோவதில்லை. வைஸ் இல்லாமல் அதனால் பயனில்லை.

கண்டி வரை பஸ்ஸில் சைக்கிளை ஏற்றிப் போய், முதல் நாள் கம்பளையில் தங்கி, விடிய ஐந்தரைக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. புசல்லாவையில் காலைச் சாப்பாடு. றம்பொடையில் அரைமணி நேரம் உட்கார்ந்து ஓய்வு. லபுக்கலைக்குப் பிறகு இருவரில் ஒருவருக்குத் தலைசுற்றினாலோ முழங்கால் குத்தினாலோ இருவருமே நிறுத்துவது. பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு மூட்டம் இறங்கியிருந்தால் திரும்பிச் சைக்கிளில் இறங்காமல், நுவரெலியாவில் தங்கி மறுநாள் காலை வெளிச்சத்தில் இறங்குவது. தங்குமிடம் ஒன்றுக்கும் சொல்லி வைத்தாயிற்று.